புல்டோசருக்கு முன்னால் ஓவியங்கள்

மாஸ்கோவில் 1974-ல் நடந்த வினோதக் கண்காட்சி

1974-ம் ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோ நகரின் தென்மேற்கு ஓரத்தில் பெல்யாயெவோ என்ற பகுதி. அங்கே ஒரு காலி மனை. தூறலில் தரை சேறாகிக் கிடந்தது. ஓவியர்கள் சிலர் தங்கள் படங்களைச் சுமந்துகொண்டு அங்கே வந்தார்கள். மாட்டுவதற்குச் சுவர் இல்லை. கையில் பிடித்தபடியே காட்டுவதாக ஏற்பாடு.

ஆனால் புல்டோசர்களும், குப்பை லாரிகளும், தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன. மரக்கன்று நட வந்த தொண்டர்கள் என்று சொல்லிக்கொண்டு திடகாத்திரமான ஆட்கள் பலர் நின்றனர். படத்தைப் பிரித்ததுதான் தாமதம், பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். ஆஸ்கார் ராபின் என்ற ஓவியர் புல்டோசரின் முன்தகட்டைப் பற்றிக்கொண்டு தொங்கினார். அமெரிக்க நிருபர் ஒருவருக்குப் பல் உடைந்தது. ராபினையும் வேறு சிலரையும் போலீசார் பிடித்துச் சென்றனர்.

அப்படி என்னதான் வரைந்துவிட்டார் ராபின்? இடிந்த குடியிருப்பு, வோட்கா பாட்டில், பத்திரிகைத் தாளில் வைத்த உப்பு மீன். அவ்வளவுதான்!

சங்கம் வைத்ததே சட்டம்

புரட்சி நடந்த புதிதில் ருஷ்ய ஓவியர்களுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. 1915-ல் வெறும் கறுப்புச் சதுரம் வரைந்து உலகை வியக்கவைத்த மாலெவிச்கூட புதிய ஆட்சியில் ஆசிரியராக இருந்தவர்தான். 1932 ஏப்ரலில் ஓவியர் குழுக்கள் எல்லாம் ஒரே உத்தரவில் கலைக்கப்பட்டன. பிறகு சங்கம் ஒன்றே, பாணியும் ஒன்றே. அதற்கு சோஷலிச யதார்த்தவாதம் என்று பெயர். சிரிக்கும் டிராக்டர் ஓட்டுநர், விளைந்த கோதுமை வயல், தலைவர் படம். நம் ஊரில் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்ட 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்களை நினைத்துக்கொண்டால் போதும்.

சங்கத்தில் இருந்தால் வேலை செய்ய இடம், வர்ணம், சர்க்கார் ஆர்டர் எல்லாம் கிடைக்கும். இல்லாதவர் வேறு வேலை பார்த்துப் பிழைக்க வேண்டும். ராபின் ரயில்வேயில் சரக்கு வாகன்களைக் காலி செய்யும் கூலியாட்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். லியானோசோவோவில் அவர் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஞாயிறுதோறும் ஜனங்கள் வந்து படம் பார்த்துப் போவார்கள்.

திறந்த வெளியில் படம் காட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஓவியர்கள் நகரசபைக்கு முன்கூட்டியே எழுதினார்கள். சரி என்றும் பதில் வரவில்லை, கூடாது என்றும் வரவில்லை. வந்தது புல்டோசர்.

நான்கு மணி நேரம்

அமெரிக்காவுடன் சோவியத் அரசு நட்பு நாடிய சமயம் அது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் செய்தி போடவே, அதிகாரிகளுக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 29 அன்று, இஸ்மாயிலோவோ பூங்காவில் நான்கு மணி நேரம் அனுமதி கிடைத்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம்! 1975 பிப்ரவரியில் பொருட்காட்சி மைதானத்தில் இடம் ஒதுக்கினார்கள். எங்கே தெரியுமா? தேனீ வளர்ப்புக் கூடத்தில்.

ராபினை மட்டும் அவர்கள் மன்னிக்கவில்லை. 1978-ல் அவர் பாரிஸில் இருந்தபோது குடியுரிமையைப் பறித்தார்கள். அங்கேயே தங்கி வரைந்துகொண்டிருந்தார். 2008-ல், சோவியத் யூனியன் மறைந்து 17 வருஷம் ஆனபின், மாஸ்கோவின் புகழ்பெற்ற ட்ரெட்யாகோவ் கலைக்கூடம் அவர் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தது. 2018-ல், 90-வது வயதில், அவர் காலமானார்.