விலாக்குத்து



திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் பெருந்தெருவிலே திரியாய் என்னும் வயல் சூழ்ந்த ஊர் உளது. அத்தகைய ஊர்களில் பாடசாலை மரதன் ஓட்டம் எத்துணை ஆரவாரத்துடன் நடைபெறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். முன்னணியில் ஓடிவந்த சிறுவன் ஒருவன் திடீரென்று விலாவைப் பற்றிக்கொண்டு குனிந்து நிற்பான். "சாட்டுச் சொல்கிறான்" என்பார் ஒருவர். "ஓடு, ஓடு, போய்விடும்" என்பார் மற்றொருவர். இன்று நான் அச்சிறுவனின் கட்சியில் நின்று பேச விரும்புகின்றேன்.

இந்நோவுக்கு விலாக்குத்து என்று பெயர். அவுஸ்திரேலிய ஆய்வாளரான மோற்றன், கலிஸ்ரர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஓடுவோரில் பத்துப் பேருக்கு ஏழு பேர் ஓராண்டிற்குள் இதனை அனுபவித்திருந்தனர். நன்கு பழகியவரையும் இது விடுவதில்லை. இளையோரையே மிகுதியாகப் பற்றும். ஆகவே இது சோம்பலின் அடையாளமன்று.

காரணம் யாது? நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையேயுள்ள பிரிமென்றகடு என்னும் தசைக்கு இரத்தம் போதாமையே என்று முன்னர்க் கூறினர். ஆயின், ஓடுபவரைப்போல் மூச்சிரைக்காத குதிரைச் சவாரிக்காரருக்கும் இக்குத்து வருகின்றதே! எனவே, வயிற்றறையின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு உராய்ந்து நோவதே காரணமாகலாம் என்று இப்பொழுது கருதுகின்றனர். சிலருக்குத் தோள் நுனியிலும் வலிக்கும். பிரிமென்றகட்டை அடையும் நரம்பும் தோளின் தோலுக்குச் செல்லும் நரம்புகளும் கழுத்திலே ஏறத்தாழ ஓரிடத்திற் புறப்படுவதே அதன் காரணம். முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை.

வயிறு நிறைந்திருக்குமாயின் இவ்வுராய்வு கூடும் என்பது எளிதில் விளங்கும். இங்கேதான் நமது அன்பே பகையாகின்றது. பிள்ளை களைத்துவிடுவானே என்று விடியற்காலையில் பிட்டும் வாழைப்பழமும் வயிறாரக் கொடுக்கின்றோம். தெருவோரத்தில் இனிப்பான பழரசத்தைக் குவளை குவளையாக நீட்டுகின்றோம். நீர், விளையாட்டுப் பானம், பழரசம் ஆகியவற்றைக் கொடுத்துச் சோதித்தபோது, பழரசமே குத்தை மிகுதியாக எழுப்பிற்று. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னரே உணவை முடித்துவிடுதல் நன்று. வழியிலே வெறும் நீரைச் சிறிது சிறிதாகப் பருகினாற் போதும். நம் வெயிலில் நீரை அடியோடு மறுத்துவிடலும் ஆகாது.

குத்து வந்தபின் வேகத்தைத் தணிக்க வேண்டும். வேண்டுமாயின் நடக்கவும் செய்யலாம். நோகும் இடத்தைக் கையால் அழுத்தி, முன்னே சற்றுக் குனிந்து, ஆழ மூச்செடுத்து மெதுவாக விடுதல் பலருக்கு உதவுகின்றது. வலி தணிந்ததும் மீண்டும் ஓடலாம்.

ஓட்டத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்குவதே விலாக்குத்தின் இயல்பு. ஓய்ந்திருந்தும் அடங்காத வலி, மயக்கத்தோடு வரும் வலி, நடுநெஞ்சை இறுக்கிக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை வேறு. பிள்ளைக்காயினும், பிள்ளையோடு சேர்ந்து ஓடப் புறப்பட்ட தந்தைக்காயினும், அவை தோன்றினால் அழுத்திப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.