மச்சம் காட்டிக் கொடுக்கிறது! பொம்மை உலகில் நூதனத் திருட்டு

ஜப்பானில் ராட்சத மிருகம், ரோபோ பொம்மைகளை வீட்டிலேயே வார்த்து விற்பவர்கள் ஏராளம். 'கராஜ் கிட்' என்று பெயர். கார் ஷெட் சரக்கு என்று அர்த்தம்! இவர்களுக்காக 1985 முதல் நடக்கும் சந்தை 'ஒண்டர் பெஸ்டிவல்'. சினிமா, கார்ட்டூன் பாத்திரங்களை அங்கே விற்க, உரிமையாளர்கள் அந்த ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி தருவார்கள்.

ரப்பர் அச்சு

தலை, கை, கால் எல்லாம் தனித்தனியாகச் செதுக்கப்படும். ஒரு துண்டைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, மேலே சிலிக்கான் ரப்பரை ஊற்றுவார்கள். இறுகியதும் புரட்டிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, வாஸ்லின் தடவி மறுபாதியை ஊற்றுவார்கள். தடவ மறந்தால் போச்சு! ரப்பரும் ரப்பரும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கத்திதான் கதி.

அந்த அச்சில் ரெசின் ஊற்றினால் சில நிமிடங்களில் பொம்மை ரெடி. சில டஜன் வார்ப்பதற்குள் ரப்பர் கிழிந்துவிடும்.

கில்லாடிகள்

இங்கேதான் கில்லாடிகள் புகுந்தார்கள். ஒரே ஒரு பெட்டி வாங்குவது, அதையே கருவாக வைத்துப் புது அச்சு எடுப்பது, மலிவாக விற்பது. மாதக்கணக்கில் செதுக்கியவருக்குச் சல்லிக்காசு கிடையாது.

துப்பு கிடைப்பது எப்படி? ரெசின் இறுகும்போது துளி சுருங்கும். நகல் அசலைவிடச் சிறிசு. அசல் தலை நகல் கழுத்தில் சரியாக உட்காராது. அசலில் இருந்த பொடிக் காற்றுக்குழி நகலிலும் அதே இடத்தில் இருக்கும், அங்க அடையாள மச்சம் மாதிரி!

ஒரு நாள் அனுமதி முடிந்தால் அசல் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் தெரிந்தே நகலை வாங்குகிறவர்களும் உண்டு.