மூங்கிலுக்குள் ஒரு தகப்பன்

திருநெல்வேலிக்கு மேற்கே, களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மழைக்காட்டில், இரவில் மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு தவளை கூப்பிடும். இலை இலையாகத் தேடினாலும் அகப்படாது. காரணம், அது உட்கார்ந்து கூப்பிடுவது மூங்கில் தண்டுக்குள்!

ரவோர்கெஸ்டெஸ் கலாசோடெஸ் என்பது இதன் அறிவியல் பெயர். கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும். பளிச்சென்ற பச்சை உடல், பொன்திட்டு மின்னும் கருவிழி. திருவிதாங்கூரில் கிடைத்ததாக 1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் இதைப் பதிவு செய்தார். அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிருக்கும் என்று எண்ணியிருந்த வேளையில், மீண்டும் கிடைத்துவிட்டதாக 2011-இல் அறிவிப்பு வந்தது.

அது எப்படி வாழ்கிறது என்பது 2015-இல் சேஷாத்ரியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில் தெரிந்தது. மலையாளத்தில் 'ஈற்ற' எனப்படும் மெல்லிய மூங்கிலில் பூச்சிகளோ எலிகளோ துளையிட்டுவிடுகின்றன. அந்தக் குறுகிய துளை வழியாக ஆண் தவளை உடலை நெளித்து உள்ளே புகுந்து, அங்கிருந்தே துணையை அழைக்கிறது. பெண் உள்ளே வந்து சில முட்டைகளை மட்டும் இட்டுவிட்டுப் போய்விடும். தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்து, வெளிவரும்போதே குட்டித் தவளையாக வருகிறது. ஆகவே குளம் குட்டை எதுவும் இதற்குத் தேவையில்லை.

குட்டிகள் வெளிவரும்வரை முட்டைகளுக்குக் காவல் இருப்பது தகப்பன்தான். இரை தேடச் சிறிது நேரம் வெளியே போவதோடு சரி. இந்தக் காவல் எவ்வளவு அவசியம் என்பதைப் பின்னர் நடந்த சோதனை காட்டியது: தகப்பனை அகற்றியதும் முட்டைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. அவற்றைத் தின்றவற்றில் அதே இனத்தின் வேறு ஆண் தவளைகளும் இருந்தன. இவ்வளவு சிறிய உயிரிடம் இப்படியொரு பொறுப்பு இருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

காகிதக் கூழுக்கும் பாய், கூடை முடையவும் ஈற்ற பெருமளவில் வெட்டப்படுகிறது. முடைவோரின் பிழைப்பைத் தடுப்பது நியாயமாகாது. ஆனால் தவளைகள் முட்டையிடும் காலத்திலாவது வெட்டுவதை நிறுத்தலாம். துளையுள்ள தண்டுகளை விட்டுவைக்கலாம். வனத்துறையும் ஆலைகளும் இதற்கு மனம் வைக்க வேண்டும்.