சாவுக்கும் முகவரி உண்டு

2023 அக்டோபர் 17. தீபாவளிக்கு நான்கு வாரம்கூட இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி ஆகிய இரண்டு ஊர்களில் அன்று ஒரே நாளில் பட்டாசு ஆலைகள் வெடித்தன. 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். மறுநாள் நாளிதழ்களில் ஆலையின் பெயர் வந்தது, ஊரின் பெயர் வந்தது, நிவாரணத் தொகை வந்தது. இறந்தவர்கள் காலையில் எந்தெந்தத் தெருக்களிலிருந்து கிளம்பி வந்தார்கள் என்பது மட்டும் எந்தப் பொதுக் கணக்கிலும் ஏறவில்லை.

ஒரு நகரத்துக்குள்ளேயே, ஒரு வட்டாரத்துக்குள்ளேயே இறப்பு விகிதம் தெருவுக்குத் தெரு மாறும். இதை உலகம் அறிந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. 1842-இல் எட்வின் சாட்விக் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கையில் லிவர்பூல் நகரத்தின் கணக்கு இருக்கிறது. அங்கே மேட்டுக்குடியினர் இறந்த சராசரி வயது 35, வணிகர்களுக்கு 22, கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வெறும் 15. குழந்தைகள் கொத்துக்கொத்தாக மடிந்ததே அந்த 15-க்குக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2008-இல் வெளியிட்ட அறிக்கை கிளாஸ்கோவைச் சுட்டிக்காட்டியது. அங்கே கால்டன் பகுதி ஆணின் ஆயுள் எதிர்பார்ப்பு 54. சில மைல் தொலைவிலுள்ள லென்ஸியில் 82. இரண்டு பகுதிகளுக்கும் இடையே 28 ஆண்டு இடைவெளி.

பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி வட்டாரத்துக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும்.

ஊருக்கு வெளியே போன ஆபத்து

1920-களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதில் தொடங்கிய வளர்ச்சி, இந்தியாவின் பட்டாசில் மிகப் பெரும்பகுதியைத் தரும் தொழிலாக இன்று நிற்கிறது. அலுவலகங்களும் அச்சகங்களும் கடைகளும் நகரத்தில் இருக்கின்றன. மருந்து கலக்கும் அறைகளோ வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கரிசல் காடுகளுக்குள் பரவிவிட்டன. குடியிருப்பிலிருந்து இத்தனை தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் கேட்கின்றன. மானாவாரி நிலமும் விலை மலிவு. விதி நகரத்தைக் காப்பாற்றியது, சரிதான். ஆனால் மழை பொய்த்த கிராமங்களில் வேறு கூலி இல்லாத குடும்பங்களின் பக்கத்தில் ஆபத்து போய்க் குடியேறியது.

விபத்துகள் நடந்த ஊர்களை வரிசையாகச் சொன்னாலே இது விளங்கும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 40 பேர் அளவில் இறந்தார்கள், அவர்களில் பலர், வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20-க்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி: 10 பேர். அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி.

காரணங்களும் புதியவை அல்ல. மருந்துக் கலவையில் சிறு உராய்வு போதும். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. சீசன் நெருக்கடியில் கூடுதல் ஆட்கள் உட்காருகிறார்கள், வேலை மரத்தடிக்கும் போகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலருக்கு உள்குத்தகை விடும் வழக்கம் ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பின்னும் பேசப்படுகிறது. குத்தகைக்காரருக்கு, போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தாக வேண்டிய அவசரம். தொழிலாளிக்கோ எண்ணிக்கைக் கூலி. இரண்டு அவசரங்களும் மருந்து இருக்கும் அறையில்தான் சந்திக்கின்றன.

மாவட்டச் சராசரி மறைப்பது

தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 6 பேர் இறந்தார்கள். ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரில் ஒரு விபத்து 6 பேரைக் கொண்டுபோனால், ஓராண்டின் மொத்தச் சாவும் ஒரே பகலில் நிகழ்ந்துவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-லேயே 19 லட்சத்தைத் தாண்டியது. அந்த எண்ணிக்கையில் இந்த 6 பேர் தசமப் புள்ளிக்குப் பின்னால் காணாமல் போவார்கள். வயதையும் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் சாவு பெரும்பாலும் முதியவர்களைத் தேடி வருகிறது. இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் அம்மாக்களை எடுத்துப் போகிறது.

இன்னொரு மறைப்பும் உண்டு. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் அது பதிவாகும். கடுமையாகத் தீக்காயம் பட்டவர்களைச் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்கிறார்கள். அங்கே உயிர் பிரிந்தால் மதுரையின் மரணம். ஆலையில் பிரிந்தால் ஆலை இருக்கும் ஊரின் மரணம். அவர் வாழ்ந்த தெருவின் கணக்கு காலியாகவே இருக்கும்.

இறப்பு அறிக்கைப் படிவத்தில் இறந்தவரின் வசிப்பிடத்துக்கும் தொழிலுக்கும் இடம் இருக்கிறது. தகவல் கேட்கப்படுகிறது, எழுதப்படுகிறது. பத்தாண்டுப் படிவங்களை வசிப்பிட வாரியாக அடுக்கினால் போதும். எந்த ஊரில், ஊர்ப்பக்கமா காலனிப்பக்கமா, எந்த வயதில், எந்த வேலையில் உயிர்கள் போயின என்பது துலங்கிவிடும். பெயர்களை நீக்கிவிட்டு அதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அந்தக் கணக்கால் ஆகும் வேலைகள் நிறைய. 108 ஆம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும், தீக்காய முதலுதவி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயாராக இருக்க வேண்டும், ஆய்வுக் குழு முதலில் எந்தச் சாலையில் போக வேண்டும் என்பதை அது சொல்லும். விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அந்தக் குழந்தைகளில் ஒருவர்கூட விடுபடாமல் இருக்க, அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஆலையை மூடி முத்திரை வைக்கிறோம், வழக்குப் போடுகிறோம். அவை தேவைதான். அவற்றோடு, எந்தத் தெரு திரும்பத் திரும்ப விலை கொடுக்கிறது என்பதையும் மாவட்ட நிர்வாகம் எழுதி மக்கள் முன் வைக்கட்டும். விலை கொடுப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அதை விதி என்று சொல்லி யாரும் கடந்துபோக முடியாது.