குரோஷா போர்வையும் மணிக்கணக்கும்

இமாசலப் பிரதேசத்தின் மலைநகர் ஒன்றில் நாம் பணியாற்றிய மூன்று ஆண்டுகளிலும் குளிர்கால நண்பகல் ஒரே காட்சியாகவே இருந்தது. வெயில் விழும் படிக்கட்டுகளிலும் கடைத்திண்ணைகளிலும் பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். மடியில் நூலுருண்டை, கையில் ஊசி. வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்கு வந்தவர்கூடத் தமது டோக்கன் எண் அழைக்கப்படுவதற்குள் இரண்டு வரிசை பின்னிவிடுவார். இரண்டு ஊசிகளால் பின்னுவோர் ஒரு சாரார். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவோர் மற்றொரு சாரார். பின்னதை அங்கே குரோஷியா என்பர். நம் ஊரில் குரோஷா என்று வழங்குவது இதனையே.

அப்பெண்களுள் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் ஒருநாள் நம் மேசைமுன் வந்தமர்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து விரித்தார். நான்கரை அடி அகலம், ஐந்தரை அடி நீளம். தேன்கூட்டைப்போல் குழிந்த கட்டங்கள், அவற்றிடையே வரிவரியாகத் திரண்டெழுந்த மொட்டுகள், ஓரத்தில் சிப்பி விளிம்பு. இத்தகைய போர்வைகள் செய்து விற்கக் கடன் வேண்டும் என்றார்.

கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பின்னலைப் பற்றிக் கேட்டோம். ஆர்வம் ஒருபுறமிருக்க, பொருளை அறியாமல் கடன் கொடுப்பது முறையன்று. சாதாரணப் பின்னலில், முந்தைய வரிசையின் மேற்கண்ணிக்குள் ஊசி நுழைகிறது. புடைப்புப் பின்னலிலோ, முந்தைய வரிசைப் பின்னலின் தண்டையே ஊசி சுற்றி வருகிறது. முன்புறமாகச் சுற்றினால் தண்டு மேலெழும். பின்புறமாகச் சுற்றினால் உள்ளடங்கும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் பின்னினால் கூடைமுடைவு போன்ற தோற்றமும், சற்றே முறை மாற்றினால் தேன்கூட்டுக் கட்டமும் கிடைக்கும். மொட்டுகளைப் பாப்கார்ன் என்கிறார்கள். ஒரே கண்ணியில் ஐந்து பின்னல்களைப் போட்டு, ஊசியைக் கழற்றி, முதற்பின்னலில் நுழைத்து, விட்டுவந்த கண்ணியை அதனூடே இழுத்தால், ஐந்தும் ஒன்றாகக் குவிந்து பொரியைப்போல் எழும்பி நிற்கும்.

அழகு மட்டுமன்று, குழிகளுக்குள் காற்று தங்குவதால் போர்வை கதகதப்பாகவும் இருக்கும். ஆனால் இவ்வளவுக்கும் நூல் வேண்டும். ஒரே பரப்புக்குச் சமதளப் பின்னலைவிடப் புடைப்புப் பின்னல் கணிசமாகக் கூடுதல் நூலையும் நேரத்தையும் உண்ணும். நம் கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

விற்பனை விலை என்னவென்று வினவினோம். 2,400 ரூபாய். நூறு கிராம் அக்ரிலிக் உருண்டைகள் பதினான்கு தேவை. உள்ளூர்க் கடையில் உருண்டை 120 ரூபாய் வீதம் 1,680 ஆகிறது. மிச்சம் 720. பின்னுவதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்றபோது அவரிடம் விடையில்லை. "வேலையெல்லாம் முடிந்த பிறகுதானே பின்னுகிறேன், அதற்கு என்ன கணக்கு சார்?" என்றார். அடுத்த போர்வைக்கு மட்டும் ஒரு நோட்டில் நாள்தோறும் நேரத்தைக் குறித்துவருமாறு வேண்டினோம். ஒரு மாதம் கழித்து வந்தார். கூட்டிப் பார்த்தபோது 72 மணி. மணிக்குப் பத்து ரூபாய்.

சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கைவினைஞர் தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமலிருப்பது இம்மலைநகருக்கு மட்டும் உரியதன்று. இந்தியக் குரோஷாவின் பெயர்பெற்ற களமான ஆந்திரப் பிரதேசத்து நரசாப்பூரில், கிறித்தவ மிஷனரிகள் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய இக்கலை, கோதாவரிக் கரையோரச் சிற்றூர்களின் வீட்டு முற்றங்களில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அந்தப் பெண்களை ஆராய்ந்து ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டிலிருந்து செய்யும் வேலை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதப்பட்டதால்தான் அதற்கு அவ்வளவு குறைந்த கூலி என்பது அவர் காட்டிய உண்மை. நரசாப்பூர் குரோஷா லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். கூலியைத் தனியாகத்தான் காக்கவேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இரண்டு ஊசிப் பின்னலை எந்திரங்கள் நெடுங்காலமாகவே செய்துவருகின்றன. குரோஷாவை அவ்வாறு செய்யும் எந்திரம் சந்தைக்கு வரவில்லை. கடைகளில் காணும் எந்திர ஆடைகள் அதன் சாயலில் பின்னப்பட்டவையே. சென்னையில் 2016 சனவரி 31 அன்று மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் அமைப்பினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தபோதும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்தவை மனிதக் கைகளே.

ஆகவே விலையை உயர்த்தலாமே என்று தோன்றும். ஆனால் சந்தை அவ்வளவு எளிதன்று. அந்நகர்க் கடைவீதியில் ஆலையில் செய்த மிங்க் போர்வை ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. சுற்றுலாப் பயணி அதனையும் இதனையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார். மேலும், பெட்டியில் ஒன்றரைக் கிலோ கூடுமே என்று தயங்குவார்.

அவருடைய பையின் அடியில் வேறொரு பொருள் கிடந்தது. கழுத்தைச் சுற்றி அணியும் வளையத் துண்டு, கவுல் என்பார்கள். மகளுக்காகச் செய்ததாம். அதே தேன்கூடு, அதே மொட்டுகள். இரண்டு உருண்டை நூல், எட்டு மணி நேர வேலை. 600 ரூபாய்க்கு விற்றால் நூல்செலவு 240 போக 360. மணிக்கு 45 ரூபாய். போர்வையில் இதே கூலி கிடைக்கவேண்டுமானால் அதன் விலை 4,920 ரூபாயாக இருக்கவேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டினோம். "யார் வாங்குவார்கள்?" என்று சிரித்தார். சிரித்தபடியே அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டார். இனிப் போர்வை, முன்பணத்துடன் கேட்பவருக்கு மட்டும். விற்பனைக்குக் கவுல் என்று அவரே முடிவு செய்தார்.

கடன் அதன்பின் எளிதாயிற்று. பிரதமரின் முத்ரா திட்டத்தில் ஷிஷு பிரிவின்கீழ் 50,000 ரூபாய்வரை ஈடின்றிக் கடன் பெறலாம். அவர் கேட்டது 20,000 மட்டுமே. இரண்டு அண்டைவீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, ஆகஸ்டு மாதமே லூதியானா மொத்தக் கடையில் உருண்டை 98 ரூபாய் வீதம் 200 உருண்டைகள் வாங்கினார். விலைக்குறைவு ஒரு நன்மை. ஒரே சாயத்தொகுதி நூலாகக் கிடைத்தது அதனினும் பெரிய நன்மை. சாயத்தொகுதி எண் மாறினால் ஒரே நிறமும் பாதிப் பின்னலில் நிழல் மாறிக் காட்டும்.

முதலாண்டு எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. தொடக்கச் சங்கிலியை இறுக்கமாகப் போட்டதால் சில கவுல்கள் தலைக்குள் நுழையவில்லை, பிரித்துப் பின்னினார்கள். வரிசை முடிவில் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டால் போர்வை மேலே செல்லச் செல்ல ஒடுங்குவதுபோல, வளையத்திலும் எண்ணிக்கை தவறினால் வடிவம் கெடும். வரிசைதோறும் எண்ணவேண்டும், மாலையில் பணப்பெட்டியைச் சரிபார்க்கும் காசாளருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. விற்றபின் பணம் தருவதாக முப்பது கவுல்களைப் பெற்ற கடைக்காரர் ஒருவர், பனிக்காலம் முடிந்து ஏப்ரலில்தான் கணக்கைத் தீர்த்தார். அதனால் இரண்டு தவணைகள் தாமதமாயின. அடுத்த ஆண்டு அக்கடைக்குக் கையில் காசு வைத்தால்தான் சரக்கு என்றானது. பருவத்தொழிலுக்குத் தவணை நாளைப் பருவத்தையொட்டி அமைத்திருக்க வேண்டும் என்பது நாம் கற்றுக்கொண்ட பாடம்.

மாறுதல் ஆணை வந்து நாம் புறப்பட்ட வாரத்தில், சாம்பல்நிறக் கவுல் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். வாடிக்கையாளரிடம் அன்பளிப்புப் பெறலாகாது என்றோம்.

"அன்பளிப்பு என்று யார் சொன்னது சார்? அறுநூறு ரூபாய்," என்றார். குறைக்கவும் இல்லை.