வேர்க்கிற ஊரில் ஹீட்டர் காயில்

மலேசியாவின் பிறை ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவரிடம் "ஹீட்டர் காயில் ஒழுகுது" என்று சொன்னால், "அது நமக்கு எதுக்கு? பைப்பைச் சுத்தி விட்டுடுங்க" என்றுதான் பதில் வரும். ஊர் அப்படி. வருடம் முழுக்க வேர்க்கிற இடத்தில் வண்டிக்குள் சூடான காற்று யாருக்கு வேண்டும்? இங்கே பொருத்தி விற்ற கார்கள் பலவற்றில் ஹீட்டரே வைக்கவில்லை. ஆனால் மெர்சிடிஸ் டபிள்யூ123, வால்வோ 240 போன்ற குளிர்நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் அது இருக்கும். அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த விளக்கம். (பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அதன் எஞ்சினைக் காற்றே குளிர்விக்கிறது, தண்ணீர் கிடையாது.)

ஹீட்டர் காயில் என்பது டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர். எஞ்சினிலிருந்து 85, 90 டிகிரி வெந்நீர் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, இன்னொன்றின் வழியாகத் திரும்பும். ஃபேன் அதன் மேல் காற்றை ஊதினால் சூடு உள்ளே வரும். தண்ணீரைத் திறக்கவும் மூடவும் பல வண்டிகளில் ஒரு வால்வு உண்டு.

நம் ஊரில் இந்தக் காயில் கெடுவதற்குக் காரணம், அதை யாரும் பயன்படுத்தாததுதான். வால்வு பல வருடம் மூடியே கிடக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர் நகராது. கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், துருவைத் தடுக்கும் மருந்து துளியும் இருக்காது. நின்ற தண்ணீர் மெல்லிய உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். ஒரு நாள் யாரோ தெரியாமல் லீவரை 'ஹாட்' பக்கம் தள்ள, காலடிக் கம்பளம் நனையும்.

கம்பளம் நனைந்ததும் ஹீட்டர் காயில்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த ஈரக் காற்றில் ஏர்கோனின் கூலிங் காயில் மேல் நிறையத் தண்ணீர் கோர்க்கும். அதை வெளியேற்றும் சின்னக் குழாய் தூசியில் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீரும் அதே இடத்தில்தான் வடியும். விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் குழாயைச் சுத்தம் செய்தால் போதும். வழவழப்பும் நிறமும் இனிப்பான வாடையும் இருந்தால் அது கூலண்ட். வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது, அது விஷம். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்குவதும், காரணம் தெரியாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைவதும் மற்ற அடையாளங்கள்.

இன்னொரு கோளாறையும் சொல்லிவிட வேண்டும், இங்கே அதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஏர்கோன் குளிரவில்லை என்று கேஸ் அடைப்பார்கள், கம்ப்ரெசரை மாற்றுவார்கள். உண்மையில் ஹீட்டர் வால்வு சரியாக மூடாமல் வெந்நீர் காயிலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்றை அது மறுபடி சூடாக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹீட்டர் ஹோஸ் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். குளிர் கூடினால் குற்றவாளி வால்வுதான்.

இனி 'பைப்பைச் சுத்தி விடுவது' பற்றி. எஞ்சினிலிருந்து வரும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் நேராக இணைத்துவிடுவதுதான் அது. வழியில் ஒழுகினால் வீடு சேர அது நல்ல உபாயம். இணைக்கத்தான் வேண்டும், இரண்டையும் அடைத்துவிடக் கூடாது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீர் சுற்றி வர அந்த வழியை நம்பும் எஞ்சின்களும் உண்டு. ஆனால் வண்டியை அதன் உருவிலேயே காப்பாற்ற நினைப்பவர் இதை நிரந்தரமாக வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. கேமரன் மலையில் இரவு நேரத்தில் ஹீட்டரின் அருமை தெரியும். சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும்போது எஞ்சின் சூடு முள் மேலே போனால், ஏர்கோனை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தும் வரை எஞ்சினுக்குக் கைகொடுக்கும்.

மாற்றும் வேலை எவ்வளவு பெரியது என்பது வண்டியைப் பொறுத்தது. மோரிஸ் மைனரில் ஹீட்டர் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக இருக்கும், ஒரு மதியத்தில் கழற்றிவிடலாம். வால்வோ 240-இல் முதலில் ஹீட்டர் பெட்டியை வைத்துவிட்டு, வண்டியை அதைச் சுற்றிக் கட்டினார்களோ என்று தோன்றும். டேஷ்போர்டே வெளியே வர வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கூலண்டை வாளியில் வடித்துக்கொள்ளுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். கூலிங் காயிலும் அதே பெட்டியில் இருந்தால், ஏர்கோன் கேஸை இயந்திரம் வைத்திருக்கும் கடையில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். 1990-களின் தொடக்கம் வரை வந்த வண்டிகளில் ஆர்12 இருக்கலாம், ஓசோன் படலத்தைத் தின்னும் கேஸ் அது. காற்றில் திறந்துவிடுவது தவறு.

ஹோஸைக் கழற்றும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். பழைய ரப்பர் காயிலின் மூக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முறுக்கி இழுத்தால் மூக்கு கிழியும். வால்வும் உடையலாம். ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்து எடுங்கள், எப்படியும் புது ஹோஸ்தான் போடப் போகிறோம். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒயர்களில் டேப் ஒட்டி எழுதுங்கள். திருகுகளைக் கழற்றிய இடம் வாரியாகத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். நாற்பது வருட பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையத்தான் செய்யும். அவசரப்பட்டால் டேஷ்போர்டும் சேர்ந்து உடையும், நல்ல டேஷ்போர்டு கிடைப்பது காயில் கிடைப்பதைவிடக் கடினம்.

பழைய காயில் செம்பு, பித்தளையில் செய்ததென்றால் எறியாதீர்கள். பழைய முறையில் ரேடியேட்டர் பற்றவைக்கும் கடையில் அதைச் சரிசெய்ய முடியும். அலுமினியம் என்றால் புதிதுதான். பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் 'ஹாஃப் கட்' கடையில் கிடைக்கும் பழைய காயிலை நான் வாங்கமாட்டேன். இவ்வளவும் கழற்றிவிட்டு இன்னொரு கிழட்டுக் காயிலை உள்ளே வைப்பதில் அர்த்தமில்லை. புதிதானாலும் பொருத்துமுன் ஒரு மூக்கை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, சுமார் 1 பார் காற்று விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே காற்றைத் திருப்பும் தட்டுகளின் பொடிந்த ஸ்பாஞ்சையும் ஹீட்டர் வால்வையும் மாற்றிவிடுங்கள். கூலிங் காயிலும் பழையதானால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பொருள் செலவு கூடும், கூலி ஒரே கூலிதான்.

மூடிய பிறகு, கூலண்டையும் தாதுநீக்கிய நீரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். வண்டியின் மூக்கைச் சற்று மேட்டில் நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை 'ஹாட்'டில் வைத்து ஓடவிடுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறி, ஹீட்டர் காற்று சுடச்சுட வரும் வரை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை, பட்டர்வொர்த் பக்கம் போய்வரும்போது, ஐந்து நிமிடம் ஹீட்டரைத் திறந்துவிடுங்கள். கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். தண்ணீர் ஓடினால் காயில் பிழைக்கும்.