படாக் கன்றும் புள்ளிமானும்

சாத்தம் ஒரு சின்னத் தீவு. பாலம் தாண்டினால் ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர். 1883இல் ஆங்கிலேயர் தொடங்கிய அரசு மர அறுப்பு ஆலை இங்கே இன்றும் ஓடுகிறது. அந்தமான் காட்டின் குர்ஜன், படாக் மரங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே பலகையாகிக் கப்பலேறின.

படாக், நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவு. அந்தமானுக்கே உரிய மரம். அடிமரத்திலிருந்து பலகை வேர்கள் ஆளுயரத்துக்கு விரியும். அறுத்தால் உள்ளே செக்கச்செவேலென்று வைரம். விதையைச் சுற்றி அப்பளம்போல வட்டச் சிறகு. காற்று அதைத் தாய்மரத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோய்ப் போடும். விழுந்த இடத்தில் வெளிச்சம் இருந்தால்தான் கன்று நிமிரும்.

இந்தக் குணத்தை நம்பித்தான் வனத்துறை ஒரு வெட்டுமுறையை வகுத்தது. பருத்த மரங்களை எடுத்து, கொடிகளையும் கீழ்மரங்களையும் அகற்றி, வெயிலை உள்ளே விட்டால், விலைபோகும் கன்றுகள் தாமே எழும் என்பது கணக்கு. ஆனால் கூரை திறந்ததும் காட்டின் ஈரம் குறைந்தது. வெட்டிய பகுதிகளில் பசுமைமாறாக் காடு இலையுதிர் காட்டின் சாயலுக்கு மாறியதைச் சூழலியலாளர்கள் கண்டார்கள். எழுந்த கன்றுகளையும் புள்ளிமான்கள் மேய்ந்தன. அவை ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை. அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாத தீவுகளில் பெருகிவிட்டன. மானைக் கணக்கில் சேர்க்காத எந்த மறுவளர்ப்பும் அங்கே பலிக்காது.

கல்பவிருக்ஷ், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உள்ளிட்ட அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2001 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மரவெட்டை நிறுத்தியது. நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பின், 2002 மே 7 அன்று வந்த உத்தரவின்படி தீவின் மரம் வெளியே போகக்கூடாது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும், அதுவும் கட்டுப்பாட்டோடு வெட்டலாம். ஒட்டுப்பலகை ஆலைகள் மூடின. வேலையிழந்தவர்களின் வலியும் சிறிதல்ல. ஆனாலும் அந்த உத்தரவு சரியானது என்றே நினைக்கிறேன்.

இப்போது அதே அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பிரதேசத்தில், கிரேட் நிக்கோபார் தீவில், துறைமுகம், விமான நிலையம், நகரம் என்ற பெருந்திட்டத்துக்கு 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை விட்டுக்கொடுக்க 2022இல் கொள்கையளவில் அனுமதி தரப்பட்டது. 9.64 லட்சம் மரங்கள் வரை போகலாம் என்பது அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன மதிப்பீடு. ஈடாகக் காடு வளர்க்கக் காட்டிய இடம் ஹரியானா. மழைக்காட்டு மரங்களுக்கு அந்த வறண்ட மண்ணும் வெயிலும் ஒத்துவராது. கிரேட் நிக்கோபாரின் பழங்குடிகளான ஷோம்பென் மக்கள் உணவுக்கு நம்பியிருக்கும் தாழையும் ஹரியானாவில் காடாக எழாது. மழைக்காட்டின் இழப்பை மழைக்காடு அல்லாத ஓரிடத்தில் ஈடுகட்டலாம் என்பதை அறிவியல் ஏற்காது.

திட்டத்துக்கு முதலில் சம்மதித்த நிக்கோபாரிப் பழங்குடி மன்றம், 2022 நவம்பரில் அந்தச் சம்மதத்தை எழுத்துமூலம் திரும்பப் பெற்றது. ஒரு மரத்தில் கோடரி வைக்கும் முன் அந்தக் கடிதத்துக்கு அரசு பதில் சொல்ல வேண்டும்.